சிவப்பு நத்தை

மத்தியானம் இரண்டு மணிக்கு வானொலியில் சிவப்பு நத்தையைக் கூப்பிட்டார்கள்.

மேடம் சியோ கோப்பிக் கிண்ணத்தை வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். சீன நிலையத்தில் பழைய பாட்டு ஒன்று பாதியில் நின்றது. ஒரு பெண் கடைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோல் நிதானமாகப் படித்தாள்: தங்கச் சல்லடை, கறுப்புக் குடை, சிவப்பு நத்தை. ஒவ்வொன்றும் ஒரு படைப்பிரிவின் பெயர். தேசிய சேவை என்ற கட்டாயப் பட்டாளப் பணியை முடித்துவிட்டு வேலை வெட்டி என்று இருக்கும் ஆண்கள், தங்கள் பிரிவின் பெயரைக் கேட்டதும் போட்டது போட்டபடி கிளம்பி ஆறு மணி நேரத்துக்குள் முகாமில் நிற்க வேண்டும். வெறும் ஒத்திகைதான். ஆனால் போகாதவனுக்குக் கிடைக்கும் தண்டனை ஒத்திகை அல்ல.

அந்தச் சிவப்பு நத்தை அப்போது மீன்தொட்டி வரிசைக்கு அந்தப் பக்கம், மடக்குக் கட்டிலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியது. பெயர் இஸ்கந்தர், வயது முப்பத்தாறு. சுங்கை தெங்காவில் மேடம் சியோ வைத்திருந்த மீன் பண்ணைக்கு அவன் ஒருவன்தான் வேலையாள். அவனுடைய கைப்பேசி முந்தாநாள் தொட்டிக்குள் விழுந்து செத்துவிட்டது. “வானொலி இருக்குல்ல ஆண்ட்டி, போதும் லா” என்று சொல்லியிருந்தான்.

வெளியே மழை. கொட்டகைக்குள் பச்சை வெளிச்சம். காற்றுக்குழாய்கள் ஒரே சீராக முணுமுணுத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் யாருக்கும் கண் சொக்கும்.

ஒன்பதாம் தொட்டியில் ஒரு ஜோடி டிஸ்கஸ் மீன், தட்டுப்போல வட்டமாக, நேற்று நீந்தத் தொடங்கிய குஞ்சுகளை உடம்பெல்லாம் ஒட்டவைத்துக்கொண்டு நின்றது. அந்தக் குஞ்சுகளுக்குத் தாய் தகப்பனின் தோல்தான் சாப்பாடு. பயந்துவிட்டால் பெற்றதுகளே பிள்ளைகளை விழுங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தண்ணீர் மாற்ற வேண்டும். மாற்றியது மீனுக்கே தெரியக் கூடாது. அந்தக் கை இஸ்கந்தருடையது. மேடம் சியோவோ முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி ஊன்றி நடப்பவள். சிமென்ட் தரையில் ஒரு ‘டொக்’ கேட்டால் போதும், இரண்டு மீனும் பயத்தில் கறுத்துவிடும்.

போன வருஷம் இரண்டு வாரம் பயிற்சிக்குப் போனான். வந்து பார்த்தபோது ஒரு குஞ்சு மிச்சமில்லை. இந்த வருஷம் தள்ளிவைக்கச் சொல்லி அவள் எழுதிய கடிதத்துக்கு மரியாதையாக, முடியாது என்று பதில் வந்தது. சட்டம் சொன்னதையெல்லாம் மேடம் சியோ கேட்டாள். போக விட்டாள், வேலையை விட்டு நிறுத்தவில்லை, அவன் விடுப்பில் ஒரு நாளைக்கூடக் கழிக்கவில்லை. அவன் திரும்பி வந்ததும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதற்குச் சட்டம் கிடையாது. பெரிய கம்பெனியில் ஒருவன் போனால் பக்கத்து நாற்காலிக்காரன் பார்த்துக்கொள்வான். இவளிடம் இருந்ததே ஒரு நாற்காலி. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தூங்குகிறவனுக்கு எங்கே கேட்டிருக்கும் என்று நினைத்தாள். தானும் கண்ணயர்ந்துவிட்டதாகச் சொன்னால் யார் இல்லை என்பது?

நேரம் கரைந்தது. கொட்டகை முழுவதும் மெல்லத் தண்ணீர் ஏறுவதுபோலவும், தான் நாற்காலியோடு மிதப்பதுபோலவும் அவளுக்குத் தோன்றியது. மீன்கள் கண்ணாடியைத் தாண்டி வெளியே வந்தன. மூட்டை சுமந்த ஆட்கள் சத்தமே இல்லாமல் தொட்டிகளுக்கு நடுவே வரிசையாகப் போனார்கள். ஒவ்வொருவனும் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனான். கடைசியில் ஓர் இடம் மட்டும் காலியாக நகர்ந்தது. அந்தக் காலி இடமும் அவள் எதிரே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போனது.

மூன்று மணிக்கு வானொலி மறுபடியும் சிவப்பு நத்தை என்றது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதிகாரி முன்னால் இஸ்கந்தர் தலையைக் குனிந்து நிற்பது கண்ணில் தெரிந்தது. மீன் செத்தால் அப்படித்தான் நிற்பான், தான் செய்யாத தப்புக்கும். சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி, தொட்டி விளிம்புகளைப் பிடித்துப் பிடித்து நடந்து அவன் தோளைத் தொட்டாள்.

“இஸ்கந்தர், எந்திரி. கூப்பிட்டுட்டாங்க.”

அவன் கண்ணைத் திறந்தான். தூக்கத்திலிருந்து வந்த கண் இல்லை அது. போர்வை சரிந்தது. உள்ளே பச்சைச் சீருடை, காலில் பூட்ஸ், கயிறுகூட இறுக்கிக் கட்டியாயிற்று. அவள் கண் சொக்கியிருந்த நேரத்தில் மாட்டியிருக்க வேண்டும்.

“அடப்பாவி! கேட்டுச்சா உனக்கு?”

“மொத தடவையே கேட்டுச்சு ஆண்ட்டி. சீனத்துல எனக்குத் தெரிஞ்சதே அந்த ஒரு வார்த்தைதான்.”

“அப்பறம் ஏன்டா ஒரு மணி நேரமா மல்லாந்து கெடக்குற? சட்டம் உன் பக்கம். என்னைய ஒரு வார்த்தை கேக்க வேணாம். எந்திரிச்சுப் போய்ட்டே இருக்கலாம்ல?”

“போறதுக்குச் சட்டம் இருக்கு ஆண்ட்டி.” பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “திரும்பி வந்து உங்க மூஞ்சிலதான முழிக்கணும்?”

பத்து வருஷமாகச் சட்டத்தில் ஓர் எழுத்துக்கூட மீறாதவள் என்று தன்னைப் பற்றி மேடம் சியோ வைத்திருந்த பெருமை அந்த இடத்திலேயே செத்தது. அழுகை வந்தது. மழையைத் திட்டினாள்.

“போ” என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். “போய்ட்டு வாடா” என்றுதான் வந்தது.

அவன் கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்த மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒன்பதாம் தொட்டிப் பக்கம் வந்ததும், அத்தனை கனமான பூட்ஸில் நுனிக்காலால் நடந்தான், திருடன் மாதிரி.

“நேரா நடடா!” என்று மேடம் சியோ கொட்டகை அதிரக் கத்தினாள். “பட்டாளத்துக்காரன் மாதிரி நட!”

ஒன்பதாம் தொட்டியில் இரண்டு மீனும் கறுத்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவன் வாசலைத் தாண்டும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.