ஒரு பக்கம் மட்டும் தேய்த்த கூண்டு

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச வேண்டிய நேரத்தில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றதால் வந்தது. அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் நாலு வார்த்தையில் முடிந்திருக்கும். திறக்காததால் கதையாகிவிட்டது.

இதில் வரும் 'அவர்' நான்தான். 'நான்' என்று போட்டு இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன், கை கூசியது. 'அவர்' என்று மாற்றியதும், மரியாதை விகுதி சேர்ந்த மாயமோ என்னவோ, ஆள் கொஞ்சம் யோக்கியர் போலத் தெரிந்தார். எனக்கும் எழுத வந்தது. நியாயமாகப் பார்த்தால் 'அவன்' என்றுதான் எழுத வேண்டும். நீங்கள் மனசுக்குள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஒன்பது நாட்களுக்குள் ஐந்து பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக...'

இதை விட்டுவிட்டேன். சாவில் ஆரம்பித்தால் உங்களுக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிடும். அது அவருக்குச் சேர வேண்டிய சரக்கு இல்லை.

இரண்டாவது தொடக்கம்: 'அவள் கீரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐந்து தடவை கழுவியாகிவிட்டது. ஆறாவது தடவையாகக் குழாயைத் திறந்து...'

இதையும் முடிக்க முடியவில்லை. நான் எழுதும் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இதை எழுதும்போது நிஜமாகவே அந்தப் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே அவருடைய தொழிலிலிருந்து ஆரம்பிக்கிறேன். தொழிலைப் பற்றி எழுதும்போது மட்டும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

3

அவர் லிஃப்ட் பரிசோதகர். மாதத்துக்கு நாற்பது கட்டடங்கள், ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் முப்பத்திரண்டு வரி படிவம். கயிறு, பிரேக், கதவு, அவசர மணி என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, அப்புறம்தான் டிக் போடுவார். கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயரே 'டிக்'தான். புதிதாகச் சேருகிறவர்களிடம் அவர் சொல்லும் முதல் பாடம், "பாக்காததுக்கு டிக் போடாதே. அந்த டிக்கை நம்பித்தான் ஒருத்தன் உள்ள ஏறுறான்."

வீட்டில் லவ் பேர்ட்ஸ் ஆறு இருந்தன. மனைவி மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். வாடிக்கையாளர் ஒருவர் வீடு மாறிப் போகும்போது இரண்டைக் கொடுத்துவிட்டுப் போக, அவள் கைராசிக்கு இரண்டு ஆறாயிற்று. ஹாலில் இருந்த சின்னக் கூண்டு அவற்றுக்குப் போதவில்லை. சாப்பாட்டுத் தட்டிலெல்லாம் தினை உமி. கொல்லைப்புறத்தில் பெரிய கூண்டாகக் கட்டிவிடலாம், பறவைகள் வெயிலும் காற்றும் படப் பறக்கட்டும் என்றாள் அவள். கட்டினால் ஊர் மெச்சக் கட்ட வேண்டும் என்றார் அவர்.

கம்பெனிப் படிவத்தைப் போலவே ஒரு தாளில் பதினெட்டு வரி எழுதினார். பத்தடி நீளம், எட்டடி அகலம், ஏழடி உயரம். எலி குடையாதபடி வலையை மண்ணுக்குள் ஓரடி இறக்க வேண்டும். ஒன்றைச் சாத்திவிட்டு மற்றதைத் திறக்கும்படி இரண்டு கதவுகள் வேண்டும், இல்லாவிட்டால் நாம் உள்ளே நுழைகிற நேரத்தில் பறவை வெளியே போய்விடும். பாதிக் கூரைக்குத் தகரம், மீதிக்கு வலை. சட்டத்தைப் பற்றவைக்க வந்த வெல்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சார், எனக்கு வீடு கட்டும்போது நீங்கதான் மேஸ்திரி" என்றார்.

அந்த வெல்டர்தான் வேலை முடிந்து கிளம்பும்போது ஒன்று சொன்னார். புது வலையின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும், வெள்ளைப் பொடியாகவும் சின்னச் சின்னக் குமிழாகவும் ஒட்டியிருக்கும். பறவை அலகால் கடித்துக் கடித்துத்தான் ஏறும், அது வயிற்றுக்குள் போனால் விஷம். வினிகர் ஊற்றி பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டு, அப்புறம் பறவையை விடுங்கள் என்றார். அது ஏற்கெனவே தாளில் பதினான்காவது வரியாக இருப்பதை அவர் பெருமையோடு வெல்டருக்குக் காட்டினார்.

சனிக்கிழமை தேய்க்க உட்கார்ந்தார். வீட்டைப் பார்த்த முன்பக்கம் ஒன்றுக்கே ஒன்றரை மணி நேரமாயிற்று. தோள் விட்டுப்போயிற்று. மூன்று பக்கமும் மேல்வலையும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தெருக்காரர்களை வேறு கூண்டு பார்க்க வரச் சொல்லியிருந்தார். மூன்றரைக்குத் தாளை எடுத்துப் பார்த்தார். பதினேழு வரிகளுக்கு டிக் இருந்தது, பதினான்கு மட்டும் காலியாக இருந்தது.

டிக் போட்டார்.

[இந்த இடத்தில் 'களைப்பில் மறந்துபோய்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். களைப்பு நிஜம், மறதி பொய். பேனாவை எடுத்தபோது அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.]

4

பன்னிரண்டு நாள் அந்தக் கூண்டு வீட்டுக்கே ஒரு களையைக் கொடுத்தது. மனைவி கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். கீரைத்தண்டை நீட்டினால் ஆறும் வலையைப் பிடித்துக்கொண்டு, அலகால் ஒரு கடி, காலால் ஓர் அடி என்று இறங்கி வரும். தெருவில் அவரைக் 'கூண்டுக்காரர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது.

பதின்மூன்றாம் நாள் ஒன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தது. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் அது இல்லை. மூன்றாவதும் செத்தபோது, அதை ஒரு மருந்துப் பெட்டியில் வைத்துப் பறவை டாக்டரிடம் எடுத்துப் போனார். மனைவி கடையில் இருந்தாள். அந்த அறையில் நடந்ததற்கு டாக்டரும் அவரும்தான் சாட்சி.

"கூண்டு வலை புதுசா?"

"ஆமா."

"தேச்சீங்களா?"

"தேச்சேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "முழுசாவா?"

அவர் மருந்துப் பெட்டியின் மூடியைச் சாத்தினார். டாக்டரும் மேலே கேட்கவில்லை. வலைதான் காரணம், மிச்சமிருப்பவற்றை இன்றைக்கே பழைய கூண்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். பாதி வேலையில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், கழுத்தில் கடை அட்டைகூட அப்படியே தொங்குகிறது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

[இந்தக் கதையில் எனக்குப் பிடிபடாத ஆள் இந்த நிமிடத்து அவர்தான். எட்டுத் தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். வாசலுக்கு வரும்வரை உண்மையைச் சொல்லத்தான் இருந்தார் என்று ஒரு பிரதியில் இருக்கிறது. இல்லை, வழியிலேயே பொய்யைத் தயார் செய்துவிட்டார் என்று இன்னொன்றில் இருக்கிறது. எது நிஜம் என்று எனக்கே தெரியவில்லை. நான்தானே அந்த ஆள், எனக்கே தெரியவில்லை.]

"கீரையில பூச்சி மருந்து இருந்திருக்கலாமாம்" என்றார்.

'நீ கொடுத்த கீரை' என்று அவர் சொல்லவில்லை. அந்த மிச்சத்தை அவளே சேர்த்துக்கொண்டாள். "நான்தானே குடுத்தேன்" என்றாள். மறுக்க அது ஒன்றுதான் நேரம். அவர் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார். அன்றைக்கு அவர் போட்டிருந்தது லேஸ் இல்லாத செருப்பு என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஷூதான். ஆனால் அந்த முடிச்சை அவிழ்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

பழைய கூண்டுக்கு மாற்றியும் இன்னும் இரண்டு போயின. ஒன்று மட்டும் பிழைத்தது.

5

பிழைத்த அந்த ஒன்றுக்கு அவள் இன்றுவரை தீனி போடுவதில்லை. "நீங்களே போடுங்க, என் கை வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். கூண்டைக் கடக்கும்போது நின்று ஒரு வார்த்தை பேசுவாள், அவ்வளவுதான்.

அதோடு போயிருந்தால் அவரும் காலப்போக்கில் எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பார். போகவில்லை. இருபது வருடமாக மருந்துச்சீட்டை ஒரு பார்வையில் படித்துவிடுகிறவள் இப்போது மூன்று தடவை படிக்கிறாள். சாப்பிடும்போது திடீரென்று எழுந்து, சாயங்காலம் வந்த அம்மாவுக்கு எத்தனை மில்லிகிராம் கொடுத்தோம் என்று கடைக்குப் போன் போட்டுக் கேட்கிறாள். ஒருநாள்கூடத் தப்பு இருந்ததில்லை. ஆனாலும் கேட்கிறாள்.

6

ஒரு நாள் லீவு போட்டார். அவள் கடைக்குப் போன பிறகு, காலியாகக் கிடந்த பெரிய கூண்டின் மூன்று பக்கத்தையும் வினிகர் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். வெள்ளம் வடிந்த பிறகு அணை போட்ட கதைதான். ஏன் தேய்த்தார் என்று கேட்காதீர்கள். டிக்கை உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

அவள் அன்றைக்குப் பார்த்துச் சீக்கிரம் வந்துவிட்டாள். கொல்லைப்புறமெல்லாம் வினிகர் வாடை.

"இது எதுக்குங்க?"

"பூஞ்சை பிடிக்காம இருக்க."

இது இரண்டாவது பொய். இதற்கு வாசல் தயக்கம்கூட இல்லை, வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு, இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் இருட்டும்வரை தேய்த்தார்கள். அவள் விரல் நுனியெல்லாம் எரிந்து சிவந்துவிட்டது. நடுவில் ஒரு தடவை தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "ஒவ்வொண்ணும் எப்படிப் பாத்துப் பாத்துச் செய்யறீங்க. இவ்வளவு செஞ்ச கூண்டை நான்தான் வீணாக்கிட்டேன்."

[இதற்கு மேல் இந்தப் பகுதியில் எழுத ஒன்றும் இல்லை. வெட்கமாக இருக்கிறது. வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.]

7

முடிவுகள்.

ஒன்று: அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உண்மையைச் சொல்கிறார். அவள் அழுகிறாள், பிறகு... நடக்கவில்லை. நடக்காததை நடந்ததாக எழுத எனக்கு நன்றாக வருகிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று: அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். மருந்துக்கடைக்காரிக்குத் துத்தநாகம் தெரியாதா? அவராகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள். கடைசியில், "எனக்குத் தெரியுங்க" என்று சொல்லி அவர் தோளில் கை வைக்கிறாள். இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தேன். மறுநாள் படித்துவிட்டுக் கிழித்துப்போட்டேன். தப்பும் நான் செய்து, மன்னிப்பையும் அவள் பெயரில் நானே எழுதிக்கொள்வதா? அவளுக்குத் தெரியாது. தெரிந்தவள் கீரையை ஏழு தடவை கழுவ மாட்டாள்.

மூன்றாவது முடிவை எழுதுமுன் ஒரு செய்தி சொல்ல வேண்டும். கடை முதலாளியம்மா இரண்டாவது கடை திறக்கப்போகிறார். அதை முழுப் பொறுப்பாக அவளிடம் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். இருபது வருடமாக அவள் மனசுக்குள் வைத்திருந்த ஆசை அது. இன்று ஐந்து மணிக்குப் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். மத்தியானம் சாப்பிடும்போது அவரிடம் சொன்னாள்: "வேணாம்னு சொல்லிடப் போறேங்க. ஆறு பறவைய ஒழுங்காப் பாத்துக்கத் தெரியல. ஒரு கடை மருந்தை என் கையில குடுத்தா எத்தனை பேருக்கு ஆபத்து."

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். ஒரு வாய் அதிகமாகவே சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து இந்தக் கதையைத் திருத்த உட்கார்ந்தேன். (பாருங்கள், 'அவர்' போய்விட்டார். மாற்ற நேரமில்லை, இருக்கட்டும்.)

சரி. போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

8

சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கதை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டாள். முடிவுதான் பாக்கி என்றேன். நல்லா முடியுங்க என்றாள்.

எழுதி அவளிடம் படிக்கக் கொடுத்துவிடலாம், வாயால் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் இத்தனை பக்கமும் ஓட்டினேன். இப்போது யோசித்தால் அதுவும் குனிந்து ஷூ லேஸ் அவிழ்ப்பதுதான். அவள் இதை அரை மணி நேரம் படிக்க வேண்டும். பாதியில் வெல்டர் சொன்னதைப் படித்துச் சிரிப்பாள். நன்றாக வந்திருக்கிறதே என்று நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். இதைவிடக் கேவலம் உண்டா?

மணி நாலு ஐம்பத்தேழு. துணியெல்லாம் மடித்தாகிவிட்டது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். சொல்லப்போவதை இரண்டு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "மன்னிச்சுக்கங்கம்மா, வேற யாரையாவது வச்சுக்கங்க." அறைக் கதவு திறந்துதான் இருக்கிறது, நன்றாகவே கேட்கிறது.

வாசகரே, இதற்கு ஒரு முடிவு எழுத எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு நல்ல வரிக்கு எனக்கு ஒரு நிமிடம் ஆகிறது. இருப்பது மூன்று நிமிடம். இந்தப் பத்தியை எழுதியதிலேயே ஒன்று போய்விட்டது.

போனை எடுத்துவிட்டாள்.

இந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தால், நான் எழுந்து போகவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.