நொடிக்கு எட்டுப் படம்

டிசம்பரில் கல்யாண போட்டோகிராபர்கள் ஈ ஓட்டுவார்கள். என் பக்கம் மார்கழி, என் கூட்டாளி நோரா பக்கம் திருவருகைக் காலம். கோயிலிலும் கல்யாணம் கிடையாது, சர்ச்சிலும் கிடையாது. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நாங்கள் இருவரும் நடத்தும் ஸ்டுடியோவில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் 2009 டிசம்பரில் எங்களிடம் ஒரு புதுக் கேமரா இருந்தது. கை சும்மா இருக்குமா?

வேகம்தான் அதன் பெருமை. பொத்தானை அழுத்திப் பிடித்தால் நொடிக்கு எட்டுப் படம் எடுக்கும், தையல் மிஷின் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு. படம் பதிகிற சென்சார் மட்டும் சின்னது. அதனால் எங்கள் பழைய லென்ஸை மாட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு கிட்டே வந்து நிற்கும். கல்யாண வீட்டில் இது பெரிய ரோதனை. ஒரு சின்ன வீட்டில் குடும்பத்தை முழுசாக அடக்க நோரா பின்னால் போய்ப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கால்பந்து மைதானத்தில் அதே குறை வரமாகிவிட்டது. கோட்டுக்கு வெளியே நின்றபடி கோல் கீப்பரின் மீசை முடியை எண்ணலாம்.

அந்த மீசை சீனுவுடையது. சீனு என் மாமன் மகன், என் வீட்டுக்காரன். பாவாடை கட்டிய நாளிலிருந்து அவனை வாடா போடா என்றுதான் கூப்பிடுவேன், தாலி ஏறியும் அது மாறவில்லை. நாற்பத்தொரு வயதில் எங்கள் பேட்டை டீமுக்கு அவன்தான் கீப்பர். மூன்று வருஷமாக ஃபைனலில் வந்து வந்து தோற்கிறார்கள். அடுத்த வருஷம் வேறு ஆள் என்று அவனிடம் சொல்லியும் விட்டார்கள். ஃபைனல் அன்று காலையில் லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"விஜி, கப்போட ஒரே ஒரு போட்டோ. அது போதும்டி எனக்கு."

அவன் எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. "முதல்ல பந்தப் புடி" என்று சொல்லி வைத்தேன்.

எதிர் டீம் ஸ்ரீராம்புரம். கேமரா ஒன்றுதான், அதனால் முதல் பாதி நோராவுக்கு, இரண்டாம் பாதி எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். நோராவுக்கு வேகம் தலைக்கேறிவிட்டது. தமுக்கு அடிக்கிறவன், டீக் கிளாஸ், குறுக்கே ஓடிய நாய் என்று எல்லாவற்றுக்கும் நொடிக்கு எட்டு. நாயை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் டீம் கோல் அடித்தது. அவள் பதறிப்போய், கல்யாணத்தில் மாலை மாற்றும்போது கத்துகிற மாதிரியே கத்தினாள்.

"ஒன்ஸ் மோர் ப்ளீஸ்! இன்னொரு தடவை அடிங்க!"

மைதானமே சிரித்தது. ரெஃப்ரி ஆதிகேசவன் சார்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

இரண்டாம் பாதியில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஸ்ரீராம்புரம் விடாமல் அழுத்தியது. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர்கள் கேப்டன் கோவிந்தப்பா ஓங்கி ஓர் உதை விட்டான். சீனு பாய்ந்து விழுந்தான். நான் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தேன். கோவிந்தப்பா கோல் என்று குதித்தான், எங்கள் ஆட்கள் இல்லை என்று குதித்தார்கள். ஆதிகேசவன் சார் பாவம், மைதானத்தின் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கோல் இல்லை என்று கையை ஆட்டினார்.

கலாட்டா தொடங்கியது. கோவிந்தப்பா என்னைப் பார்த்துக் கையை நீட்டிக் கன்னடம் கலந்த தமிழில் சொன்னான்.

"சும்னே எதுக்கு கத்தணும்? விஜியக்கா கேமராவுல இருக்கும். அதப் பாத்து சொல்லட்டும்."

"அவங்க கீப்பர் பொண்டாட்டி, தெரியும்ல?" என்று அவன் ஆளே ஒருவன் கேட்டான்.

"அக்கா பொய், சுள்ளு எதுவும் சொல்ல மாட்டாங்க குரு. என் தங்கச்சி கல்யாணத்துல மாப்ள வழுக்கைய கொஞ்சம் மறைச்சு எடுங்கன்னு கெஞ்சினோம். உள்ளதத்தான் எடுப்பேன்னுட்டாங்க."

"அது மறைக்கிற சைஸா?" என்றாள் நோரா.

சட்டத்தில் இப்படியெல்லாம் இடமில்லை என்று ஆதிகேசவன் சார் முனகினார். ஆனாலும் முதல் ஆளாக வந்து திரையில் மூக்கை வைத்தார். ஒன்பது படம் இருந்தது. பந்து வருகிறது, சீனு பாய்கிறான், பந்து அவன் நெஞ்சுக்கடியில் போகிறது. அடுத்த மூன்று படத்திலும் எங்கள் டிஃபெண்டரின் அகலமான முதுகு வந்து பந்தை மறைத்துவிட்டது. முதுகு விலகும்போது பந்து கோட்டுக்கு இந்தப் பக்கம், சீனுவின் கையில்.

"ஒண்ணும் தெரியல. மொதல்ல சொன்னதுதான்" என்றார் சார். தமுக்கு முழங்கியது. கோவிந்தப்பா திரும்பி நடந்தான்.

நான் மட்டும் ஆறாவது படத்திலேயே நின்றுவிட்டேன். அதில் பந்து இல்லை. முதுகுக்கு ஓரமாகச் சீனுவின் முகம் இருந்தது. பந்தைப் பிடித்த கீப்பர் பந்தைப் பார்ப்பான். இவன் ஓரக்கண்ணால் ரெஃப்ரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மூஞ்சி எனக்குத் தெரியும். அத்திபெலே கல்யாணத்துக்குப் போகும்போது, வண்டியில் பெட்ரோல் ஃபுல்லாக இருக்கிறது என்று சொல்லி, பாதி வழியில் என்னை வண்டி தள்ள வைத்தானே, அன்றைக்கும் இதே மூஞ்சிதான்.

நான் அரிச்சந்திரன் பரம்பரை இல்லை. ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் கப் வேண்டும். ஐந்து நிமிஷம் சும்மா இருந்தால் போதும், அவன் ஆசை நிறைவேறிவிடும். ஆனால் அந்தக் கப்போடு அவனை நான்தானே படம் எடுக்க வேண்டும்? அதை நினைத்ததும் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நேராகக் கோலுக்கு நடந்தேன்.

சீனு கையுறையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். "பந்து தெரியுதா?" என்றான்.

"தெரியல."

"அப்புறம் இன்னா?"

"நீ தெரியுற."

திரையில் அந்த முகத்தைப் பெரிதாக்கிக் கேமராவை அவன் முன்னால் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இப்படியாடி இருக்கேன்?"

"பொய் சொல்றப்போ இப்படித்தான். கட்டிக்கினு பதினாலு வருஷமா பாக்கறேன். கப்ப கையில வச்சிக்கினு நிக்கறப்பவும் இதே மூஞ்சிதான்டா வரும். எனக்கு வேற எடுக்கத் தெரியாது."

அவன் மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டு, மைதானத்தின் நடுவரைக்கும் நடந்து போய்க் கையைத் தூக்கினான்.

"சார், கோல்தான். ஒரு சாண் உள்ள போச்சு. நான்தான் இழுத்துட்டேன்."

தமுக்கு நின்றது. பிறகு எங்கள் ஆட்கள் அவனைத் தமிழில், கன்னடத்தில், உருதுவில் என்று திட்டித் தீர்த்தார்கள். பெங்களூர்க்காரனுக்கு அந்த வசதி உண்டு. ஆதிகேசவன் சார் எதையும் காதில் வாங்காமல் கோலுக்கு விசில் ஊதினார். ஒன்றுக்கு ஒன்று.

பெனால்டிக்குப் போனது. அன்றைக்கு சீனு நின்ற மாதிரி நான் பார்த்ததே இல்லை. இரண்டு உதையை அந்தரத்தில் பறந்து தட்டிவிட்டான். பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் நான் கத்திக்கொண்டே எடுத்தேன். ஆனால் எங்கள் பையன்கள் மூன்று பேர் பந்தை வானத்துக்கு அடித்தார்கள். மூன்றுக்கு இரண்டு. கப் ஸ்ரீராம்புரத்துக்கு.

சீனு கோல் வாயிலேயே மல்லாந்து கிடந்தான். அழுகிறானோ என்று ஓடினேன். தடியன், வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு புடிச்சேன் பாத்தியாடி? ரெண்டு!"

அப்போது கோவிந்தப்பா கப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அவன் ஆட்கள் மொத்தமும் பின்னால் வந்தார்கள். சீனுவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். கோவிந்தப்பா கப்பை அவன் கையில் திணித்தான்.

"புடி குரு. மொதல் போட்டோ உன்னுது. அப்புறம்தான் நாங்க."

சீனு மறுத்துப் பார்த்தான், யாரும் விடவில்லை. நான் கேமராவைத் தூக்கிப் பொத்தானை அழுத்தினேன். சத்தமே வரவில்லை. கார்டு நிறைந்துவிட்டது.

"நாய அழிடி! டீக் கிளாஸ அழி!" என்று நோரா அலறினாள்.

நான் பெனால்டியெல்லாம் தாண்டிப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். அந்த ஒன்பது படம் வந்ததும் விரல் நின்றது. அவன் தன் வாயாலேயே சொல்லியாயிற்று, இனி சாட்சி எதற்கு? அழித்தேன். ஒன்று, அப்புறம் ஒன்று, ஒவ்வொன்றாக ஒன்பதும்.

"எவ்ளோ நேரம்டி! கை வலிக்குது!" என்றான் சீனு.

"இருடா, உனக்குத்தான் எடம் பண்றேன்."

பொத்தானை அழுத்திப் பிடித்தேன். சரியாக ஒன்பது படம் விழுந்து கார்டு மறுபடி நிறைந்தது. ஒன்பதிலும் சீனு என்னை நேராகப் பார்க்கிறான்.