மழைக்கு ஒட்டு

"கம்பம் வேண்டாமாம்" என்றேன்.

தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்த நவோஜிரோ நிமிரவே இல்லை. "எந்தக் கம்பம்?"

"உன் ஃபுகாகவா வாய்க்கால் படத்துல தந்திக் கம்பம் வரிசையா நிக்குதே, அதுதான். பாஸ்டன்ல இருந்து படம் கேட்ட அம்மா, நாம அனுப்பின மாதிரி அச்சைப் பாத்துட்டாங்க. மழை அழகாம், பாலம் அழகாம், குடை பிடிச்ச பொண்ணு அழகாம். கம்பத்தை எடுத்தா அச்சடிக்கிற எல்லாப் படத்தையும் அவங்களே வாங்கிக்கிறாங்களாம்."

"அக்கா, அங்க கம்பம் இருக்கு."

"எனக்குத் தெரியாதா? போன மாசம் அதுல மோதித்தானே என் நெத்தி வீங்குச்சு!"

என் கணவர் இறந்த பிறகு டோக்கியோவில் எங்கள் மரஅச்சுப் படக் கடையை நான்தான் நடத்துகிறேன். எனக்காக வரைபவன் நவோஜிரோ. எண்ணெய் ஓவியம் படிக்கப் பாரிஸ் போனான். "உங்க ஊர்ப் படங்களைப் பாத்துத்தான் நாங்களே கத்துக்கிட்டோம், நீ எதுக்கு இங்க வந்தே?" என்று அங்கிருந்த வாத்தியார் கேட்டாராம். திரும்பி வந்துவிட்டான். வந்தவனிடம் நான் கம்பத்தை எடு என்கிறேன். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துக் கடை நடத்த முடியுமா?

அச்சுப் பலகை செதுக்கும் குராமாட்சு அவனுக்கும் ஒரு படி மேல்.

"முதலாளியம்மா, கம்பத்தைச் சீவி எறிஞ்சா அந்த இடத்துல மழை பெய்யாது. கம்பம் மறைச்ச இடத்துல நான் மழைக்கோடே செதுக்கல."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"துண்டு மரம் பதிச்சுப் புதுசா செதுக்கணும். மழைக்கு ஒட்டுப் போடச் சொல்றீங்க. கிழிஞ்ச துணியா இது?"

"போடுங்க ஒட்டு!"

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். ஒட்டு இருக்கும் இடமே தெரியவில்லை. படங்கள் கப்பலேறின. விட்டது சனியன் என்றிருந்தேன்.

மறு இலையுதிர் காலத்தில் அந்த அம்மாளே யோகோஹாமா துறைமுகத்தில் வந்து இறங்கிவிட்டாள். திருமதி வின்ஸ்லோ. எங்கள் மொழியைப் புத்தகத்தில் கற்றவள். "மாண்புமிகு வாய்க்காலைத் தரிசிக்க விழைகிறேன்" என்றாள். நவோஜிரோ என்னை முறைத்தான். வேறு வழியின்றி மூவரும் போனோம்.

கம்பங்கள் நின்றன. கம்பிகளில் காக்கைகள். பாலத்தில் டிராம் கடகடத்தது. எதிர்க்கரையில் பல்பொடி விளம்பரம் வீட்டுயரத்துக்குப் பல்லைக் காட்டியது. அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இவ்விடத்தைத் தாங்கள் எப்போது கெடுத்தீர்கள்?"

நவோஜிரோ வெடித்துவிட்டான். "நாங்க கெடுத்தோமா? நான் வரையறப்பவும் இப்படித்தாம்மா இருந்துச்சு! நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க!"

அவள் நிஜமாகவே திகைத்தாள். "ஓவியர் ஐயா பாரிஸில் பயின்றவர் என்று அறிந்தேன். கம்பங்கள் அவ்வூர்ப் பழக்கத்தில் தாங்கள் சேர்த்தவை என்று எண்ணினேன். தங்களுடைய ஜப்பானைத் தங்களுக்கே மீட்டுத் தர விரும்பினேன்."

நவோஜிரோ பக்கத்துக் கம்பத்தை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தான். "இது மரம்மா. எங்க மலையில வெட்டின மரம்."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் கம்பத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, கம்பம் இருந்த அந்த முதல் படம் தனக்கு வேண்டும் என்றாள்.

சீவி எறிந்த பலகையில் ஏது கம்பம்? மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மாதிரி அச்சு. குராமாட்சு அதைத் தன் வீட்டுக் காகிதக் கதவின் கிழிசலில் ஒட்டியிருந்தார். அவளை அங்கே கூட்டிப் போனோம்.

"தர முடியாது, காத்து வரும்" என்றார் அவர்.

"நானே வேறு காகிதம் ஒட்டித் தருகிறேன்" என்றாள் அவள். ஒட்டினாள். பட்டுச் சட்டையெல்லாம் பசை. காகிதம் சுருங்கி, கதவு மூட மறுத்தது. அவள் பசைக்கறையோடு படத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்த குராமாட்சு, பல்லைக் கடித்தபடி எல்லாவற்றையும் உரித்து மறுபடி ஒட்டினார்.

நவோஜிரோ அந்த வருஷம் முழுக்க எனக்குப் பாலமோ மழையோ வரைந்து தரவில்லை. பூசணிக்காயாக வரைந்தான். எவ்வளவோ கெஞ்சினேன். "பூசணிக்காய்ல யாரும் எதையும் எடுக்கச் சொல்ல முடியாதுல்ல?" என்றான்.

யாரும் சொல்லவில்லை. யாரும் வாங்கவுமில்லை.