வாசலை அடைத்த ஒட்டகம்

ஷுநியாங் வண்டியிலிருந்து இறங்கியதுமே நாற்றம் முகத்தில் அறைந்தது. அப்பா செத்துப் பல நாளாகியும் சவப்பெட்டி கூடத்திலேயே இருந்தது. கோடை வெக்கையில் அதன் இடுக்கு வழியே நீர் கசிந்து தரையில் வழிந்தது. ஊதுபத்திப் புகையையும் மீறி ஈக்கள் மொய்த்தன. சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் ஏண்ணா அடக்கம் பண்ணல?"

அண்ணன் சிஜே பெருமையாக வாசலைக் காட்டினான். அப்பாவோடு குழிக்குள் போகவேண்டிய மண் குதிரைகளும் ஒட்டகங்களும் பச்சையும் மஞ்சளும் தேன்நிறமுமாகத் தெருவில் பளபளத்தன. பாதி லோயாங் நகரம் அங்கேதான் வேடிக்கை பார்த்து நின்றது.

"பெரிய ஒட்டகம் நேத்துதான் சூளையிலேர்ந்து வந்துச்சு. ஷுவே வீட்டுச் சாவுல வச்சதவிட ஒசரம். சனம் இன்னும் ரெண்டு நாள் பாக்கட்டும்."

"உள்ள அப்பா அழுகிக்கிட்டு இருக்காருண்ணா!"

"செத்தவருக்கு என்ன அவசரம்? நீ வேற வீட்டுக்குப் போனவ, சும்மா இரு."

படுக்கையில் கிடந்த அப்பாவின் அறைப்பக்கமே எட்டிப் பார்க்காதவன் இவன். ஷுநியாங் பெட்டி தூக்குகிறவர்களைக் கூப்பிட்டாள்.

"தூக்குங்க."

"எங்களாலயும் தாங்க முடியலம்மா," என்றான் ஒருவன். "ஆனா அந்த ஒட்டகம் வழிய அடைச்சிட்டு நிக்குதே."

விறுவிறுவென்று போய், தோள்கொடுத்து அதைத் தள்ளினாள். ஒட்டகம் கல்தரையில் விழுந்து சுக்குநூறானது.

சிஜே ஓடிவந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். அப்பா செத்ததிலிருந்து அவன் கண்ணில் ஒரு சொட்டு வந்ததில்லை.

"ஐயோ பாவம், அப்பன்மேல எம்புட்டுப் பாசம் பாரு!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி, கண்ணைத் துடைத்தபடி. இன்னும் சிலர் அவளோடு சேர்ந்து அழுதார்கள்.

ஷுநியாங் சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடந்தாள்.

மலையடிவாரத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது அண்ணனின் வேலையாள் மூச்சிரைக்க வந்தான்.

"புது ஒட்டகத்துக்குச் சொல்லியிருக்காராம். அது வர்ற வரைக்கும் குழிய மூட வேணாம்னு ஐயா சொன்னாரு."

"உங்க ஐயா வரலையா?"

"உடைஞ்ச துண்டுங்கள பொறுக்கிட்டு இருக்காரும்மா."

ஷுநியாங் காறித் துப்பினாள். வெட்டியான்களைப் பார்த்து, "மூடுங்க," என்றாள். கடைசிக் கூடை மண் விழும்வரை அங்கேயே நின்றாள். பிறகு அண்ணன் வீட்டுக்குப் போகாமலே ஊர் திரும்பினாள்.