கடைசி வரியில் ஒரு பீரோ

கண்ணாடிக்கடைக்காரரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் படிக்கக் கொடுப்பதற்கென்று லென்ஸ் கம்பெனி ஓர் அட்டை அனுப்பியிருந்தது. மேலே பெரிய எழுத்து, கீழே வர வரப் பொடி எழுத்து. சூரியன் கிழக்கே உதிக்கிறது, பசு பால் தருகிறது என்று யார் மனமும் நோகாத வாக்கியங்கள். அதை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, அதே அளவுகளில் தானே அச்சடித்துக்கொண்ட அட்டைகளைத்தான் அவர் நீட்டுவார். அந்த அட்டைகளில் இருந்தது ஒரு நாவல். எழுதியவர் அவரேதான்.

இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். நாவலில் ஒரு மாமியார் வருகிறாள். படுக்கையறை பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒருவரையும் பக்கத்தில் அண்டவிடாதவள். அடுத்த தெருவில் மகனோடு இருக்கும் அவருடைய சொந்த மாமியாருக்கும் ஒரு பீரோ உண்டு, ஒரு சாவி உண்டு, ஒருவரும் பக்கத்தில் போவதும் இல்லை. அதனால் புத்தகத்தைப் புனைபெயரில் போட்டார். தூரப்பார்வை. அந்தப் பெயர் உதித்த நாளில் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு இரண்டு முறை காபி குடித்தார்.

புத்தகம் வந்தது, வந்த சுவடு தெரியாமல் திரும்பியும் வந்துவிட்டது. பதினோரு பிரதிகள் மட்டும் இந்த ஊர்க் கடையில் விற்றதாகப் பதிப்பாளர் சொன்னார். மீதிக் கட்டுகள் "பழைய பிரேம்" என்று எழுதிய அட்டைப்பெட்டிகளுக்குள், கடையின் பின்னறையில் தூங்கின. அந்தப் பதினோரு பேர் யாராக இருப்பார்கள் என்று அவர் யோசிக்காத நாளில்லை. தெருவில் போகிற ஒவ்வொரு முகத்தையும் சந்தேகப்பட்டார். முகம் தெரியாத ஒரே ஓர் ஆள், தன்னை யாரென்று அறியாமல், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டால் போதும், அவர் கேட்டது அவ்வளவுதான்.

அதற்குத்தான் இந்த அட்டைகள். பரபரப்பான இடம் சரியாகப் பொடி எழுத்தில் வந்து நிற்கும்படி ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். பலன் என்னவோ பூஜ்யம். பாதிப் பேர் கடைசி வரிவரை வரமாட்டார்கள். வந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், "எழுத்தெல்லாம் தெளிவா இருக்கு. விஷயம்தான் கொஞ்சம் மங்கல்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு பிரேம் பார்க்கப் போய்விட்டார்.

இப்படி இருக்கையில்தான் மருந்துக்கடை அக்கா வந்தாள். தெருக்கோடியில் மருந்துக்கடை வைத்திருப்பவள். யாருக்கு என்ன நோய், யார் எதை மறைக்கிறார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. அவள் வாயில் நல்ல பெயர் வாங்கினால் வியாபாரம் ஓடும், கெட்ட பெயர் வாங்கினால் கடையை மூட வேண்டியதுதான். அவளை உட்காரவைத்து, சோதனைக்கான கனத்த பிரேமை மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, அட்டையைக் கொடுத்தார். அவள் கடகடவென்று வாசித்துக்கொண்டே போனாள். மாமியார் குளிக்கப் போகிறாள். சாவி கட்டிலில் கிடக்கிறது. மருமகள் எடுக்கிறாள். பொடி எழுத்தில் பீரோவின் பூட்டுக்குள் சாவி நுழைகிறது. அதோடு அட்டை முடிந்தது.

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்புறம் வெள்ளை. கண்ணாடிக்கு முன்பணம் கட்டிவிட்டு எழுந்து போனாள்.

கண்ணாடி கைக்குப் போன மூன்றாம் நாளே திரும்பி வந்தாள். "சரியில்லைங்க. எழுத்தெல்லாம் ஆடுது."

கண்ணாடிக்கடைக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி உட்காரவைத்தார். ஒரே அட்டையைக் கொடுத்தால் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள் என்பது தொழிலின் பாலபாடம். அதனால் வேறு அட்டையைக் கொடுத்தார். வாசித்தாள், தலையை ஆட்டினாள். பவரைக் கால் புள்ளி கூட்டிப் புதிய லென்ஸ் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரமே வந்து நின்றாள். இந்த முறை எழுத்து மங்குகிறதாம். இன்னொரு அட்டை, இன்னொரு லென்ஸ். நாலு நாளில் திரும்பவும் அவள்.

அவர் ஆடிப்போய்விட்டார். நாவல் தோற்றதைத் தாங்கிக்கொண்ட மனுஷரால் தொழில் தோற்பதைத் தாங்க முடியவில்லை. பவர் பார்க்கும் மெஷினைத் துடைத்து, தட்டி, தன் கண்ணாடியையே அதில் வைத்துச் சோதித்தார். மெஷின் சரியாகத்தான் சொன்னது.

"ஏங்க, உங்க கண்ணை ஒரு தடவை யார்கிட்டயாவது காட்டுங்களேன்" என்றாள் அவர் மனைவி. கடையில் பிரேம் எடுத்துக் காட்டுவதும் பில் போடுவதும் அவள்தான். வாய்க்குள் சிரிக்கிறாள் என்பது முதுகிலேயே தெரிந்தது.

நாலாவது முறை அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபோது அவர் ஒரு வேலை செய்தார். முதல் நாள் போட்டுக்கொடுத்த பழைய லென்ஸையே பிரேமில் மாட்டி, "இது புதுசு, பாருங்க" என்று புது அட்டையை நீட்டினார். அவள் மேலிருந்து கீழே மூச்சுவிடாமல் வாசித்தாள். ஆகக் கடைசிப் பொடி எழுத்துவரை ஒரு சொல் பிசகவில்லை. வாசித்து முடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ம்ஹூம். இதுவும் மங்கலாத்தான் இருக்கு."

"மங்கலா இருக்கிறதையா இப்படி ரயில் மாதிரி வாசிச்சீங்க?"

அவள் பிரேமை மெதுவாகக் கழற்றினாள். தெருவையே மிரட்டுகிறவளின் முகத்தில் அசடு வழிந்தது.

"சரி, பிடிபட்டுட்டேன். முதல் கண்ணாடியே நல்லாத்தான் இருந்துச்சு. வேற என்ன பண்ணச் சொல்றீங்க? சாவியைப் பூட்டுல விட்டுட்டு அப்படியே நிறுத்தினா மனுஷி எப்படித் தூங்குறது? அடுத்த அட்டையில எங்கேயோ கல்யாண வீட்டுக்குப் போயிட்டாங்க. அதுக்கடுத்ததுல மழை பெய்யுது. இன்னிக்கு நாய்க்கு உடம்பு சரியில்ல. அந்தப் பொண்ணு பீரோவைத் திறந்தாளா, இல்லையா? அப்புறம் என்ன ஆச்சு?"

அந்தக் கேள்வி கடைசியில் வந்தே விட்டது. கண்ணாடிக்கடைக்காரர் அவள் பக்கம் குனிந்தார். சொல்ல வாயெடுத்தார், மாமியாரின் முகம் நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டார்.

"அது... யாரோ எழுதினது. எங்கேயோ கிடைச்சது. எனக்கென்ன தெரியும்?"

"திறந்தா" என்றது ஒரு குரல். மனைவிதான். திரும்பாமல், கையிலிருந்த பிரேமைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "உள்ளே ஒண்ணுமே இல்ல. காலி பீரோ. அதைத்தான் அந்த அம்மா வருஷக்கணக்கா பூட்டிக் காவல் காத்திருக்கா."

"ஐயோ, போதும், மிச்சத்தைச் சொல்லிடாதீங்க" என்று அக்கா காதைப் பொத்தினாள்.

கண்ணாடிக்கடைக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "நீ... படிச்சியா?"

"இந்தத் தொழில் பார்த்துக்கிட்டு தூரப்பார்வைன்னு பேர் வச்சுக்கிட்டா, கண்டுபிடிக்க போலீசா வரணும்? நீங்களா வந்து சொல்வீங்கன்னு இத்தனை நாள் பார்த்தேன். சொல்லல. கோபமாத்தான் இருந்துச்சு."

"புத்தகம் உனக்கு எப்படிக் கிடைச்சது?"

"அம்மா கொடுத்தாங்க."

"உங்கம்மாவா?" என்றார் அவர்.

"புத்தகக்கடையில என்னவோ தேடப்போனவங்க கண்ணுல பட்டிருக்கு. நாலு பக்கம் புரட்டினதுமே தெரிஞ்சு போச்சாம். சொந்தக்காரங்க யாரும் பார்த்துடக் கூடாதுன்னு இருந்த பதினோரு புத்தகத்தையும் வாங்கிட்டுப் போய் பீரோவுக்குள்ள பூட்டிட்டாங்க. ஒண்ணு மட்டும் எனக்கு. உன் புருஷன் எழுதியிருக்கிறதைப் பாருன்னு."

பதினோரு வாசகர்களும் ஒரே நொடியில் ஒரே மாமியாராகிப் போனார்கள். அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"சாவி இடுப்புல இல்லையாம், கழுத்துச் சங்கிலியிலயாம். பார்க்காம எழுதாதீங்கன்னாங்க. அப்புறம், பீரோ காலின்னு எழுதினதுதான் அவங்களால தாங்க முடியல. இப்ப வந்து பார்க்கச் சொல்லு, உள்ளே என்ன இருக்குன்னு தெரியும்னாங்க." குரலைத் தணித்துச் சொன்னாள். "மூணு தடவை படிச்சிருக்காங்க. நானும்தான்."

மருந்துக்கடை அக்கா அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இவர்தானா அந்த ஆளு? இவர்கிட்டயா நான் பொய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்?" என்றாள். அவர் பின்னறைக்குப் போய்ப் "பழைய பிரேம்" பெட்டியைப் பிரித்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். புனைபெயரை எழுதத் தொடங்கி, மனைவி பார்த்த பார்வையில் அதை அடித்துவிட்டுச் சொந்தப் பெயரை எழுதினார்.

மறுநாள் கடை திறக்கும்போதே அக்கா வாசலில் நின்றாள். கண் இரண்டும் செக்கச்செவேல்.

"இந்தத் தடவை நிஜமாவே எரியுதுங்க. விடிய விடிய முடிச்சுட்டேன்."

அவர் அவளை ராஜமரியாதையோடு உட்காரவைத்தார். பழக்கதோஷத்தில் அட்டைக்குக் கை நீண்டது. பிறகுதான் உறைத்தது, அவள் படிக்காத பக்கம் இனி ஒன்றுகூட இல்லை. இழுப்பறையைத் திறந்து, தூசி தட்டி, கம்பெனி அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

அவள் சூரியன் உதித்ததையும் பசு பால் தந்ததையும் வாசித்துவிட்டு நிமிர்ந்து முகத்தைச் சுளித்தாள்.

"இதை யாருங்க எழுதினது? கதை நகரவே மாட்டேங்குது."