பதினேழாவது வரியில் ஒரு மைனஸ்

"சார், உங்க கட்டுரை தப்புன்னு நீங்களே ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுங்க."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று மூன்று பேர் எனக்குச் சொல்லியிருந்தார்கள். துறை அலுவலகத்தில் படிவம் வாங்கும் அக்கா சொன்னார். முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருஷமாகியும் நிரந்தர வேலைக்காக சாரின் அறையையே சுற்றிச் சுற்றி வரும் அண்ணன் சொன்னார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆமாஞ்சாமி. ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிற என் அம்மாவும் சொன்னாள்: "வாத்தியார்கிட்ட மட்டும் வாயாடிடாதடி. கையெழுத்து அவர் கையில இருக்கு."

இருந்தது. சார் என் நெறியாளர். மறுநாள் மாலைக்குள் அவர் கையெழுத்துப் போட்டால் என் ஆய்வேடு உள்ளே போகும், ஒரு கல்லூரியில் எனக்காகக் காத்திருக்கும் விரிவுரையாளர் வேலை கிடைக்கும். போடாவிட்டால் அந்த வேலை வேறு யாருக்கோ. அவர் கட்டுரையின் தப்பைக் காட்டும் மூன்றாவது அத்தியாயத்தை எடுத்துவிட்டால் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதைப் பேசத்தான் வந்திருந்தேன், எடுக்க அல்ல.

சாரின் அறையில் பின்னோக்கிச் சுற்றும் சுவர்க் கடிகாரம் ஒன்று உண்டு. பழைய மாணவர்கள் கொடுத்த பரிசு. வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டுவார். மணி பார்க்கக் கைப்பேசியைத்தான் எடுப்பார்.

விஷயம் இதுதான். மேலே எறிந்த பந்து கீழே வருவதைப் படமெடுத்துப் பின்னோக்கி ஓட்டினால், அதுவும் நடக்கக்கூடியதாகவே தெரியும். அடிப்படை விதிகளுக்கு முன் பின் என்ற பாகுபாடு கிடையாது. குவாண்டம் சமன்பாட்டில்தான் சிக்கல். அதன் நடுவில் கற்பனை எண் உட்கார்ந்திருக்கிறது, தன்னைத்தானே பெருக்கிக்கொண்டால் மைனஸ் ஒன்றைத் தரும் எண். காலத்தின் குறியை மட்டும் மாற்றினால் சமன்பாடு நிற்காது. கற்பனை எண்ணின் குறியையும் கூடவே மாற்ற வேண்டும். பாடப்புத்தகங்கள் 'மாற்று' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடும். எந்த உரிமையில் மாற்றுகிறாய் என்று கேட்பவர்கள் எங்கள் ஆட்கள், இயற்பியலின் தத்துவம் படிப்பவர்கள். இயற்பியல்காரர்களுக்கு நாங்கள் வெட்டிப் பேச்சுக்காரர்கள், தத்துவக்காரர்களுக்குக் கணக்குப்பிள்ளைகள். ஒரு கணத்தின் நிலை என்பது வெறும் நிலை. கணங்களின் வரிசையைத் தலைகீழாக அடுக்கினால், ஒவ்வொரு நிலையும் ஏன் தன் முகத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்? அருமையான கேள்வி. அதற்காகத்தான் இங்கே வந்து சேர்ந்தேன்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பே சார் அதற்குப் பதில் சொல்லிவிட்டதாகப் பேர். கட்டுரையின் உயிர்நாடி ஒரே வாக்கியம்: காலத்தை இரண்டு முறை திருப்புவது எதையுமே செய்யாததற்குச் சமம், எல்லாப் பொருளுக்கும், எலெக்ட்ரானுக்கும்கூட. இதை வைத்துக்கொண்டு மேடை மேடையாக ஏறி, 'இயற்கை எதையும் மன்னித்துவிடுகிறது' என்பார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

எலெக்ட்ரான் மன்னிப்பதில்லை. இரண்டு முறை திருப்பினால் ஒரு மைனஸ் குறி மிஞ்சும். நான்கு முறை திருப்பினால்தான் பழையபடி ஆகும். சாரின் நிரூபணத்தில், பதினேழாவது வரியில், 'திருப்பு' என்கிற குறியைத் தாண்டி ஒரு கற்பனை எண் வெளியே வருகிறது. வரும்போது அதன் குறி மாற வேண்டும். மாறவில்லை. கற்பனை எண் ஏன் குறி மாறுகிறது என்று விளக்க எழுதிய கட்டுரையில், கற்பனை எண்ணின் குறியை மாற்ற மறந்திருக்கிறார் மனிதர்.

இத்தனை வருஷம் யாரும் பார்க்கவில்லையா? எப்படிப் பார்ப்பார்கள்! சாரிடம் சேர்கிறவர்கள் முதல் திங்கட்கிழமை கரும்பலகையில் அந்த நிரூபணத்தைப் பார்க்காமல் எழுத வேண்டும், முப்பத்தோரு வரியும். அதுதான் எங்கள் குழுவில் நுழைவதற்கான சடங்கு. எனக்கு முன் பதினொரு பேர் எழுதினார்கள். நானும் மூச்சுவிடாமல் எழுதினேன். கைதட்டினார்கள். அன்றைக்கு நான் அடைந்த பெருமையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மூன்று வருஷம் கழித்து, என் சொந்தக் கணக்கில் அந்த மைனஸ் வந்து நின்றது. என் தப்பு என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தப்பு என்றால் அது என்னுடையதாகத்தான் இருக்கும் என்பது எனக்குப் பால் பற்கள் விழுவதற்கு முன்பே படிந்துபோன பாடம். இரண்டு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு சாரிடம் கொண்டுபோனேன். "குறியில எங்கயோ தடுமாறுற. மறுபடி போட்டுப் பாரும்மா" என்றார். இன்னும் இரண்டு மாதம் போட்டேன். தூக்கம் போனது, தலைமுடி கொட்டியது, மைனஸ் மட்டும் அசையவில்லை. அப்புறம்தான் சாரின் நிரூபணத்தை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தேன்.

இப்போது சார் சிரித்தார். "எந்தக் கட்டுரைம்மா?"

"நீங்க எப்பவும் பேசுறது ஒண்ணே ஒண்ணுதானே சார்."

மூலையில் கோப்புகளோடு உட்கார்ந்திருந்த ஆமாஞ்சாமி இருமினார்.

"இங்க பாரு. மைனஸ்ங்கிறது ஒட்டுமொத்தமா முன்னாடி வர்ற ஒரு குறி. அதைத் தனியா அளக்க முடியுமா? முடியாது. இதெல்லாம் வசதிக்கு வெச்சுக்கிறது. நான் ப்ளஸ்னு வெச்சுக்கிட்டேன்."

"வெச்சுக்கல சார், மறந்துட்டீங்க. எப்படி வெச்சுக்கிட்டாலும் அது போகாது. அத்தியாயத்துல போட்டுக் காட்டியிருக்கேன்."

"காட்டி?"

"காந்தப்புலம் இல்லாத இடத்துல எலெக்ட்ரான் எண்ணிக்கை ஒற்றைப்படையா இருந்தா, ஆற்றல் மட்டமெல்லாம் ஜோடி ஜோடியாத்தான் வரும். அந்த மைனஸ்தான் காரணம். கீழ்மாடி லேப்ல அளந்தே வெச்சிருக்காங்க. போய்ப் பார்த்துட்டு வருவோமா? லிஃப்ட் இன்னிக்கு ஓடுது."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் கனிவு வந்தது. அந்தக் கனிவைக் கண்டால் ஓடிவிட வேண்டும்.

"உங்க வீட்டுல நீதானே முதல் பட்டதாரி? அந்த வேகம் தெரியுது. தப்பில்ல. ஆனா படிப்புக்குன்னு ஒரு பண்பு இருக்கும்மா, பரம்பரையா வர்றது. உனக்குப் போகப் போகப் புரியும்."

"படிச்ச வீட்டுல பொறந்திருந்தா மைனஸ் ப்ளஸ் ஆயிடுமா சார்?"

அம்மா ஒரு காலரைத் திருப்பித் தைத்துவிட்டால், மேற்பார்வையாளன் அறுபது பேர் முன்னால் அதைத் தூக்கிக் காட்டுவான். அம்மா வாயைத் திறக்காமல் பிரித்து மறுபடி தைப்பாள். வசதிக்கு அப்படி வைத்துக்கொண்டேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்கிற அளவுக்கு அவளுக்குப் பரம்பரைப் பண்பு போதாது.

"சரி, என்னை விடுங்க" என்று மூலைப் பக்கம் திரும்பினேன். "அண்ணா, நீங்க சொல்லுங்க. பதினேழாவது வரி சரியா, தப்பா?"

அவரை வைத்துச் சிரிக்கத்தான் கேட்டேன். எதைக் கேட்டாலும் 'சார் சொல்றதுதான்' என்று தலையாட்டுவார், நாலு நாள் சொல்லிச் சிரிக்கலாம். அவர் தலையாட்டவில்லை. மடியிலிருந்த கோப்பின் நாடாவை அவிழ்த்தார், கட்டினார்.

"தப்புதான்" என்றார்.

"என்னய்யா சொல்ற?" என்றார் சார்.

"ஆறு வருஷம் முன்னாடியே சொன்னேனே சார். இதே அறையிலதான். 'தெரியும், அப்புறம் பார்த்துக்கலாம், வெளிய பேசாதே'ன்னீங்க." அதைச் சொல்லிவிட்டு, பழக்கதோஷம், "மன்னிச்சிருங்க சார்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஆறு வருஷம். அப்படியென்றால் நான் அந்தக் கரும்பலகையில் எழுதியபோது சாருக்குத் தெரியும். கைதட்டியபோது தெரியும். வீங்கிய கண்ணோடு நான் தாளை நீட்டியபோது, மறுபடி போட்டுப் பாரும்மா என்றாரே, அப்போதும் தெரியும். மறதியைக்கூட நான் மன்னித்திருப்பேன். யாருக்குத்தான் குறி தவறவில்லை? இந்த ஆள் தன் தப்பை என் தலையில் கட்டிவிட்டு, இன்னும் இரண்டு மாதம் நான் அதைச் சுமப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறார்.

முடிவெடுக்க எனக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. மேசைமேல் இருந்த ஆய்வேட்டை என் பக்கம் இழுத்தேன்.

சாருக்குச் சட்டென்று புரிந்தது. ஆள் முட்டாள் இல்லை. பேனாவைத் திறந்தார். "இரு, இரு. மூணாவது அத்தியாயமும் இருக்கட்டும். இப்பவே கையெழுத்துப் போடறேன். 'தப்பு'ங்கிற வார்த்தை மட்டும் வேண்டாம். 'பிற்கால ஆய்வில் மேலும் செம்மைப்படுத்தப்பட்டது'ன்னு போட்டுக்கோ. பத்திரிகைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதலாம். என்ன சொல்ற?"

"செம்மைப்படுத்தியது யாருன்னு போடலாம் சார்? உங்க பேர் முதல்லயா?"

"அது வழக்கம்தானேம்மா."

சிரிப்பு வந்துவிட்டது. ஆய்வேட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

"நெறியாளரை மாத்திக்கறேன் சார். அதுக்குத் துறைத்தலைவர் கையெழுத்துப் போதும், விதியைப் படிச்சுட்டேன். பத்திரிகைக்கு நானே எழுதிக்கறேன்."

"வேலை போயிடும். இன்னும் ஒரு வருஷம் இழுக்கும். உங்கம்மா தாங்குவாங்களா? யோசிச்சுப் பாரு."

"அம்மா திட்டுவாங்க. ஒரு வாரம் பேசமாட்டாங்க. உங்களை விட அவங்களைச் சமாளிக்கிறது எனக்குக் கஷ்டம்தான்."

"தங்கச்சி..." என்று எழுந்தார் ஆமாஞ்சாமி. கூட வருவார்போல ஓர் அடி வைத்தார். சார் அவரைப் பார்த்தார். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

நிற்கட்டும். நான் வராந்தாவில் இறங்கித் துறைத்தலைவர் அறைப் பக்கம் நடந்தேன். பின்னால் சார் என் பேரைச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார்.

திரும்பவில்லை.