பதினேழாம் மாடியில் மயக்கம்

என் தங்கை மலர்விழிக்கு மயக்க நோய் என்று முடிவு கட்டியவள் நான்தான். டாக்டர் இல்லை. டாக்டர்கூட "பிரஷர் நார்மல்தான், பார்ப்போம்" என்றுதான் சொன்னார்.

நான் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் புவியியல் ஆசிரியை. பதினெட்டு வருடமாயிற்று. பூமியின் மேலோட்டைத் துண்டு துண்டாகப் பலகையில் வரைந்து, இவற்றுக்குத் தட்டுகள் என்று பெயர், நகம் வளரும் வேகத்தில் நகர்கின்றன, மலை எழும்புவதும் நிலம் நடுங்குவதும் பெரும்பாலும் இவை முட்டிக்கொள்ளும் ஓரங்களில்தான் என்று சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்தவள். "மலேசியா சுந்தா தட்டின்மேல், ஓரத்திலிருந்து தள்ளி இருக்கிறது. ஆகவே நமக்குப் பயமில்லை." இந்த வரிக்கு அடியில் பிள்ளைகளைக் கோடு போடச் சொல்வேன்.

மலரும் நானும் பிரிக்பீல்ட்ஸில் பதினேழாவது மாடியில் குடியிருக்கிறோம். அவள் பதினோரு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டினாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் மத்தியானம்வரை வீட்டில்தான் இருப்பாள். அப்படி ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்ததும் சொன்னாள்.

"அக்கா, தரை ஆடுச்சுக்கா. லைட்டுகூட ஆடுன மாதிரி இருந்துச்சு."

"சாப்பிடாம கொள்ளாம வேன் ஓட்டுனா தரை மட்டுமா ஆடும்? வானமே ஆடும்லா," என்றேன்.

இரண்டாவது தடவை போனை நீட்டினாள். "சுமத்ராவுல நிலநடுக்கமாம்கா. வாட்ஸ்அப்ல வந்திருக்கு."

எனக்கு வந்ததே கோபம்! புவியியல் டீச்சருக்கே பாடமா? "அது சுமத்ராடி. நடுவுல கடல் கெடக்கு. நான் ஸ்கூல்லதானே இருந்தேன், எனக்கு ஏன் தெரியல?"

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். என்னை நம்பினாள், பாவி மகள். படித்த அக்கா சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

மூன்றாவது தடவை எனக்கே பயம் வந்துவிட்டது. நடுரோட்டில் மயக்கம் வந்தால்? வேனில் பன்னிரண்டு பிள்ளைகள். கிளினிக்குக்கு இழுத்துப் போய், கேட்டு வாங்கி மாத்திரை கொடுத்தேன். "வந்தா கண்ணை மூடிப் படுத்துக்க. அஞ்சு நிமிஷத்துல நின்னுடும்," என்று சொல்லிக்கொடுத்தேன். அதோடு விட்டேனா? அவளைக் கேட்காமலே பெற்றோர் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, தங்கைக்கு உடம்பு முடியவில்லை, இனிமேல் பிள்ளையை விஜயன் அண்ணன் வேனில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். தெரிந்ததும் மலர் அழுதாள். நல்லதுக்குத்தான் என்றேன். அப்புறம் நான்கு மாதம் அவள் கீழே இறங்குவதே குறைந்துபோனது. கடைக்குக்கூட என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள்.

போன பள்ளி விடுமுறையில், காலை பத்து மணி இருக்கும், ஹாலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நாற்காலி என்னோடு சேர்ந்து மெதுவாகப் போய் வந்தது. மறுபடியும் போய் வந்தது. கோப்பையில் டீ ததும்பியது. நிமிர்ந்து பார்த்தால் விளக்கு ஊசலாடுகிறது. "ஐயோ அம்மா!" என்று கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். காலில் செருப்புகூட இல்லை. பதினேழு மாடியும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

கார் பார்க்கில் ஒரே கூட்டம். பக்கத்து வீட்டு ஜெய்னம்பு ஆன்டி முக்காட்டைச் சரிசெய்தபடி என்னிடம் வந்தார்.

"சுமத்ராவுலதானாம் டீச்சர். போன தடவையும் இப்படித்தான் ஆடுச்சு, அதுக்கு முந்தியும் ஆடுச்சு. நீங்க வேலைக்குப் போயிடுறீங்க, ஒங்களுக்கு எங்க தெரியும்?"

சுமத்ராவும் நாமும் இருப்பது ஒரே தட்டின்மேல். நடுவில் கிடக்கும் கடல் அதன்மேல் தேங்கிய தண்ணீர், அவ்வளவுதான். கட்டிலின் ஒரு கோடியில் ஆள் பொத்தென்று உட்கார்ந்தால் மறுகோடியில் படுத்திருப்பவருக்குத் தெரியாதா? அத்தனை தூரம் வருவதற்குள் வேகமான அதிர்வுகள் அடங்கிப்போகும். நீண்டு, மெதுவாக ஆடுபவை மட்டும் வந்து சேரும். தாழ்ந்த பள்ளிக்கூடம் அதைக் கண்டுகொள்ளாது. உயரமான கட்டடம்தான் கூடச் சேர்ந்து ஆடும். இதில் எது எனக்குத் தெரியாது? எல்லாம் தெரியும், தனித்தனிப் பாடமாக. வீட்டில் ஒருத்தி வந்து சொன்னபோது சேர்த்துப் பார்க்கத்தான் துப்பில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"மலர் எங்க டீச்சர்?" என்றார் ஆன்டி.

அப்போதுதான் உறைத்தது. அவளை மேலேயே விட்டுவிட்டு என் உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன்.

லிப்டை நிறுத்திவிட்டார்கள். யார் யாரோ தடுத்தார்கள். படியேறினேன். பத்தாவது மாடியில் நெஞ்சு அடைத்தது, உட்கார மனம் வரவில்லை.

மலர் தன் அறையில் கண்ணை இறுக மூடி, கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா, வழக்கமா வர்றதுதான். மாத்திரை போட்டுட்டேன். நீ ஏன் இப்படி மூச்சு வாங்குற?"

கட்டடம் இடிந்திருந்தால் என் பேச்சைக் கேட்டே செத்திருப்பாள். தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"மலரு, ஒனக்கு மயக்கமே இல்லடி. கட்டடம்தான் ஆடுச்சு. நீ சொன்ன அன்னிக்கெல்லாம் ஆடியிருக்கு. நான்தான் பாவி, நம்பல. என்னை மன்னிச்சிரு. இப்பவே எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்றேன், ஸ்கூல் தொறந்ததும் நீ வேன் எடுக்கலாம்."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வேணாம்கா. வேன் ஓட்டுறப்ப ஆடுனா, அது பூமியா நானான்னு யாரைக் கேக்குறது? பின்னால பிள்ளைங்க இருக்கும்."

வேனில் அது தெரியாது, உயரத்தில்தான் தெரியும் என்று விளக்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். கட்டடம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அவள் கட்டில் சட்டத்தை இன்னும் விடவில்லை.